நிற்க வைத்து எடுத்த படம்

போன மாதம், நான் வேலை பார்த்த மருத்துவமனையில் புதிதாக ஒரு சி.டி. ஸ்கேன் இயந்திரத்தைத் திறந்து வைத்தார்கள். ஓய்வு பெற்றவர்களையும் மறக்காமல் அழைத்திருந்தார்கள். எனக்குப் பிறகு அந்த எக்ஸ்ரே அறைப் பொறுப்புக்கு வந்த ஜெயந்தி, திரையில் ஒரு இடுப்பெலும்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். முன்னால், பின்னால், மேலிருந்து, கீழிருந்து என்று விரலால் தொட்ட பக்கமெல்லாம் அது திரும்பியது.

"இது இல்லாம எப்படி மேடம் பெல்விஸ் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

பல நேரம் பார்க்கவில்லை என்பதுதான் சரியான பதில். விழா நடக்கும் இடத்தில் அதைச் சொல்ல வேண்டாம் என்று காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். எழுதித் தாருங்கள் என்று அவள் இரண்டு முறை போனில் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

என் பெயர் கோமதி. தென்காசியில் முப்பத்து மூன்று வருஷம் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்தேன். படிப்பு இரண்டு வருஷம், திருநெல்வேலியில். வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள். அதில் இரண்டு பேர் கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட்டார்கள். படிப்பைப் பற்றி அவ்வளவுதான் நினைவில் இருக்கிறது. வேலை தெரிந்தது வேலைக்கு வந்த பிறகுதான்.

இடுப்பெலும்புக்குப் பாடப் புத்தகத்தில் கூபகம் என்று பெயர். நாங்கள் பெல்விஸ் என்போம். வருகிறவர்கள் மொத்தமாக இடுப்பு என்பார்கள், அதற்குள் முதுகும் தொடையும் சேர்ந்திருக்கும். கை எலும்பைப் படம் எடுக்க ஆளைத் தொட வேண்டியதில்லை, கையை வையுங்கள் என்றால் போதும். இடுப்புக்கு அப்படி முடியாது. மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் இடுப்பு மேட்டைத் தொட்டு, இரண்டும் மேஜையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று உள்ளங்கையால் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சற்று உயர்ந்தாலும் படத்தில் ஓர் எலும்பு அகன்றும் மற்றது ஒடுங்கியும் விழும். பிறகு இரண்டு பாதங்களையும் உள்பக்கமாகத் திருப்பிப் பெருவிரல்கள் ஒன்றையொன்று தொடும்படி வைக்க வேண்டும். அப்போதுதான் தொடை எலும்பின் கழுத்து முழு நீளத்துக்குத் தெரியும். பெண்களிடம், கர்ப்பம் இல்லை என்று தெரிந்துகொள்ள, கடைசியாகத் தூரம் குளித்த தேதியைக் கேட்க வேண்டும். அரைஞாண் கயிறு, தாயத்து, பாவாடை நாடாவில் கோத்த ஊக்கு எல்லாவற்றையும் எடுக்கச் சொல்ல வேண்டும். தாயத்தைக் கழற்ற மாட்டேன் என்பவர்களிடம் நான் வாதாடியதில்லை, வயிற்றின் மேல் ஏற்றிக் கட்டச் சொல்வேன்.

அருவியில் தண்ணீர் கொட்டும் சீசன் வந்துவிட்டால் எங்கள் வராந்தாவில் ஈரத் தலையோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு வந்து பாறையில் வழுக்கியவர்கள். இளவயசுக்காரர்களுக்கு மணிக்கட்டு, வயசானவர்களுக்கு இடுப்பு. என் படங்கள் சுத்தமாக இருக்கும் என்று பெயர் இருந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே அளவில் விழும். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எலும்பு டாக்டராக இருந்தவர் மாசிலாமணி. என்னைவிட நான்கு வயது மூத்தவர். நாசரேத் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் அவர் பேசும்போது நாங்கள் கிட்டப் போய் நிற்போம். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டியதும் உடைந்த இடத்தை உடனே பார்க்க மாட்டார். பென்சிலின் பின்முனையால் இடது பக்க மேட்டில் தொடங்கி விளிம்பு விளிம்பாக முழுவதும் சுற்றி வருவார். உடைவு நன்றாகத் தெரிந்தாலும் அதைத் தாண்டிப் போய்ச் சுற்றை முடித்துவிட்டுத்தான் அதற்குத் திரும்புவார். அவர் அலமாரியில் பழைய எலும்புகள் ஒரு தொகுப்பு இருந்தது, செய்தித்தாளில் சுற்றி வைத்திருப்பார். இரண்டு பக்கத்து இடுப்பெலும்பு, அவற்றுக்குப் பின்னால் நடுவில் ஆப்பு அடித்ததுபோல் முக்கோண எலும்பு. பின்னால் இரண்டு மூட்டு, முன்னால் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு மூட்டு. முன்மூட்டில் இருந்த குருத்தெலும்பு காய்ந்து உதிர்ந்து போனதால் அந்த இடத்தை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார்.

"மூணு மூட்டு இருக்கு கோமதி. மூணும் நல்லா இருந்தா அசையவே அசையாது. அதனாலதான் மூட்டுன்னே யாருக்கும் ஞாபகம் வரல" என்று ஒருமுறை சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வருஷம் என்று நினைக்கிறேன், இலஞ்சியில் தென்னை ஏறுகிற சுடலைமுத்து என்பவரை லோடு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். மட்டையோடு சேர்ந்து விழுந்திருக்கிறார். நினைவு இருந்தது. தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். மாசிலாமணி சார் ஒரு படுக்கை விரிப்பை நான்காக மடித்து அவருடைய தொடை தொடங்கும் இடத்தில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு, முழங்கால்களையும் சேர்த்துக் கட்டி என்னிடம் அனுப்பினார்.

முடிச்சு சரியாக முன்மூட்டின் மேல் இருந்தது. படத்தில் அது மேகம்போல் விழும், அடியில் உள்ளது தெரியாது. ஒரு நிமிஷம்தானே என்று முடிச்சை அவிழ்த்தேன். விரிப்பு தளர்ந்ததும் இரண்டு தொடைகளும் வெளிப்பக்கமாகச் சரிந்தன. நான் ஃபிலிம் வைத்த படப் பெட்டியை மேஜைக்கு அடியில் செருகிவிட்டு நிமிர்ந்தபோது அவர் தண்ணீர் கேட்பதை நிறுத்தியிருந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. நாடி என் விரலுக்குக் கிடைக்கவில்லை.

நான் கூப்பிட்டது கேட்டு சார் வந்தார். விரிப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, மற்றதைத் தானே பிடித்து, "இழுங்க" என்றார். இருவரும் எதிரெதிரே நின்று இழுத்தோம். நர்ஸ் இரண்டு கைகளிலும் குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் நாடி நூலிழைபோல் திரும்பியது.

அதற்குப் பிறகுதான் சார் கேட்டார். "படம் நல்லா வரணும்னு அவுத்தீங்களா?"

"ஆமா சார்."

"அந்த இடுப்பெலும்பு வளையம் விரிஞ்சா உள்ள ரத்தம் தேங்க அவ்வளவு இடம் இருக்கு. கட்டோடயே எடுங்க. முடிச்சு தெரிஞ்சாத் தெரியட்டும்."

கட்டோடு எடுத்தேன். முடிச்சு தெரிந்தது. அவரைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். நாலைந்து மாதம் கழித்துக் கம்பு ஊன்றி வந்து நின்றார். இனி மரம் ஏற முடியாது, தோப்பில் உட்கார்ந்து காய் உரிக்கிறேன் என்றார். நான் கட்டை அவிழ்த்தது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அடுத்தது செல்வி.

இலத்தூரில் வாழ்க்கைப்பட்ட பெண், இருபத்திரண்டு வயது. வேறோர் இடத்தில் பிரசவம். தலைப்பிள்ளை, பெரிய பிள்ளை, இரண்டு நாள் வலி. பிள்ளை நன்றாக இருந்தது. நாற்பது நாள் ஆன பிறகும் இவளால் சரியாக நடக்க முடியவில்லை என்று மாமியார் பேச்சியம்மாள் அழைத்து வந்தாள். அது சீசன் நேரம். ஐந்தருவியில் அவர்களுக்கு மங்குஸ்தான், ரம்புட்டான் விற்கும் கடை. மகன் கடையில் இருந்தான். பேச்சியம்மாளும் விடிந்ததிலிருந்து அங்கே நின்றுவிட்டு, அரை நாளை விட்டுவிட்டு வந்திருந்தாள். ஐந்து பிள்ளை பெற்றவள். கடைசிப் பிள்ளை பிறந்த இருபதாம் நாள் வயலில் இறங்கியதாகச் சொன்னாள். பொய் சொல்கிற முகம் இல்லை.

சீட்டில் பெல்விஸ் படம் ஒன்று என்று எழுதியிருந்தது. செல்வியைத் தள்ளுவண்டியிலிருந்து அப்படியே மேஜைக்கு மாற்றினோம். படுத்த பிறகு அவளுக்கு வலி இல்லை. பாதங்களைத் திருப்பி வைத்தபோது மட்டும் உதட்டைக் கடித்தாள். ஒரே தடவையில் படம் நன்றாக வந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு. அன்று மாசிலாமணி சார் விடுப்பில் இருந்தார். பணியில் இருந்த டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "முன்மூட்டுல கொஞ்சம் இடைவெளி இருக்கு, பிள்ளை பெத்தவங்களுக்கு இருக்கறதுதான். எலும்புல ஒண்ணுமில்ல" என்றார். அப்படியே எழுதியும் கொடுத்தார். அவர் சொன்னதில் தவறு என்று ஒரு வரியைக் காட்ட முடியாது.

பேச்சியம்மாள் படத்தை உறையோடு கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரு மாதம் கழித்துப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்தார்கள். நான் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வராந்தா வழியாக வந்துகொண்டிருந்தேன். செல்வி கழிப்பறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காலை முன்னால் எடுத்து வைக்கவில்லை. பாதம் தரையை விட்டு எழும்பாமல் பக்கவாட்டில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தாள். வாசலில் ஒரு படி இருந்தது. அந்த இடத்தில் நின்று, இடது தொடைக்கு மேல் சேலையைக் கொத்தாகப் பிடித்து, கையாலேயே காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நடிக்கிறவர்கள் ஆள் பார்க்காத இடத்தில் நடிக்க மாட்டார்கள்.

கிட்டப் போய், "இன்னும் சரியாகலையாம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லன்னு நீங்கதானம்மா படம் எடுத்துச் சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த செய்தியை எனக்கே நினைவுபடுத்துகிற மாதிரி சொன்னாள்.

மிச்சத்தையும் அவள்தான் சொன்னாள். படத்தை வீட்டுக்குக் கொண்டு போனதிலிருந்து பேச்சு மாறிவிட்டது. வேலைக்குப் பயந்து படுத்துக் கிடக்கிறாள் என்று ஆகிவிட்டது. கடையில் ஆள் இல்லை, வீட்டில் ஒருத்தி படுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவள் அப்பாவை வரச் சொல்லியிருக்கிறார்கள், பேசி அவளை அனுப்பிவிடுவதற்கு. பிள்ளையை என்ன செய்வது என்பதும் அன்றைக்குத்தான் பேச வேண்டும். அவள் புருஷன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

"அவுக ஒண்ணும் சொல்லல. படத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாக. பெறவு என்கிட்ட பேசல."

மாசிலாமணி சார் உள்ளே இருந்தார். போய் விஷயத்தைச் சொன்னேன். சுத்தமான படம் எடுத்தேன் என்பதையும் சொன்னேன், கேட்காமலேயே.

"படுத்திருந்தா அவளுக்கு வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல சார். நடந்தாத்தான்."

"அப்ப படுக்க வச்சு எடுத்து என்னத்தைப் பாத்தோம்?"

அவர் செல்வியைக் கூப்பிட்டு ஒரு காலைத் தூக்கச் சொன்னார். செல்வியால் தூக்க முடியவில்லை. கூட வந்த பேச்சியம்மாள், "எங்கிட்டயும் இப்படித்தான் செய்தா" என்றாள். சார் தன் இரண்டு கைகளாலும் அவள் இடுப்பின் இரு பக்கத்தையும் அழுத்திப் பிடித்து, "இப்பத் தூக்கு" என்றார். கால் ஒரு சாண் எழும்பியது. வெளியிலிருந்து இறுக்கிப் பிடித்தால்தான் கால் எழும்புகிறது, அவருக்கு அது போதும். எழுந்து என்னைப் பார்த்தார்.

"ஒத்தைக் கால்ல நிக்க வச்சு எடுங்க. மாத்தி மாத்தி ரெண்டு படம்."

இடுப்பை அப்படி நான் எடுத்ததே இல்லை. எங்களிடம் இருந்த நிற்கும் ஸ்டாண்ட் நெஞ்சுப் படத்துக்கானது. அதை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தியும் உயரம் சரிப்படவில்லை. படம் மங்காமல் இருக்க வைக்கும் கிரிட் தகட்டைப் படப் பெட்டியின் மேல் வைத்துப் பிளாஸ்திரியால் சுற்றி ஒட்டினேன். ஏறி நிற்க ஒரு மரக்கட்டை வேண்டும். தட்டுமுட்டு அறையில் மேஜைக்கு அண்டக் கொடுத்திருந்த கட்டையை உருவி வந்தேன். ஒரு கால் கட்டையின் மேல், மற்றக் கால் எதையும் தொடாமல் தொங்க வேண்டும். அந்த நிலையில் மூச்சை அடக்கி நிற்க வேண்டும். கை கொடுக்க ஆள் வேண்டும். நர்ஸ் தடுப்பூசி வரிசையில் இருந்தார்.

"நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றாள் பேச்சியம்மாள்.

கதிர் படாமல் தடுக்கும் ஈய ஏப்ரனை அவளுக்கு மாட்டிவிட்டேன். "என்னம்மா இந்தக் கனம் கனக்குது" என்றாள். பக்கவாட்டில் நின்று, ஒரு கையால் மருமகளின் தோளை அணைத்து, இன்னொரு கையை இடுப்பு மேட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நான் தடுப்புக்குப் பின்னால் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

"இடது காலைத் தொங்க விடும்மா. பெறவு மூச்சை அடக்கு."

செல்வி எடையை வலது காலுக்கு மாற்றினாள். மாற்றியதும் பேச்சியம்மாளின் முகம் திரும்பியது. அவள் மருமகளைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

"ஏட்டி, என்னது அது?" என்று கேட்டாள். செல்வி கண்ணை மூடியிருந்தாள். "என்னம்மோ நகருதும்மா. கைக்குத் தெரியுது" என்று பேச்சியம்மாள் என் பக்கம் சொன்னாள்.

இரண்டாவது படத்துக்குக் கால் மாற்ற வேண்டும். செல்வி வேண்டாம் என்று தலையாட்டினாள். பேச்சியம்மாள் அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. பிறகு மருமகளின் எடையில் பாதியைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு அவளைக் கட்டையில் ஏற்றினாள்.

இருட்டறையில் இரண்டு படத்தையும் கழுவினேன். முழுவதும் காயும்வரை காத்திருக்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட விளக்குப் பெட்டியில் அடுத்தடுத்து மாட்டினேன். சார் வழக்கம்போல இடது பக்க மேட்டிலிருந்து பென்சிலை ஓட்டி வந்தார். முன்மூட்டுக்கு வந்ததும் பென்சில் ஒரு படி ஏற வேண்டியிருந்தது. நின்ற காலின் பக்கத்து எலும்பு மேலே ஏறியும், தொங்கிய காலின் பக்கத்து எலும்பு கீழே இறங்கியும் இருந்தன. ஒரு விரல் அகலம் இருக்கும். அடுத்த படத்தில் அதே படி மறு பக்கமாக. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அந்தப் பெண்ணுக்குள் இது நடந்திருக்கிறது. பின்மூட்டு ஒன்றும் லேசாக விரிந்திருப்பதாக சார் சொன்னார். எனக்கு அது அவர் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

பேச்சியம்மாள் ஏப்ரனைக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றாள். "நான் பாக்கலாமா?" என்றாள்.

சார் ரப்பர் பேண்ட் கட்டிய பழைய எலும்பை எடுத்து வந்து, முன்மூட்டு எது என்று காட்டினார். பிரசவத்துக்காக அந்த இடம் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், பிறகு தானாக இறுகும், இவளுக்கு அளவுக்கு மேல் விட்டுப்போய் இன்னும் இறுகவில்லை என்று சொன்னார். அவள் எலும்பைத் தொடவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல தெரியுதது அந்தப் படத்துல ஏன் தெரியல?"

அவரைப் பார்த்துத்தான் கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "அன்னைக்கு நான் படுக்க வச்சு எடுத்தேன்."

அவள் ஏப்ரனைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"நானும் அவ படுத்துக் கெடந்ததத்தான் பாத்தேன்" என்றாள்.

சார் சிகிச்சையை எழுதினார். தொடை தொடங்கும் இடத்தைச் சுற்றி இறுக்கமான பெல்ட், திருநெல்வேலியில் வாங்க வேண்டும், அதுவரை மடித்த துணிக்கட்டு. நடக்க வாக்கர். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. படி ஏறக் கூடாது, குத்த வைத்து உட்காரக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. ஆறு வாரத்தில் மறுபடி நிற்க வைத்து ஒரு படம், அதிலும் இறுகவில்லை என்றால் மதுரைக்குப் போய்த் தகடு வைக்க வேண்டியிருக்கும் என்றார். துணிக்கட்டை எங்கே கட்டுவது என்று பேச்சியம்மாளுக்கு நான்தான் காட்டிக் கொடுத்தேன். பெரும்பாலானவர்கள் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். அவளுக்கு இரண்டாம் முறை காட்ட வேண்டியிருக்கவில்லை.

முதல் படத்தின் அறிக்கை நகல் எங்கள் கோப்பில் இருந்தது. அதைக் கிழித்துவிடலாமா என்று சாரிடம் கேட்டேன். "எதுக்கு? அதுவும் சரிதான்" என்றவர், பேனாவை எடுத்து, 'எலும்பில் குறைபாடு இல்லை' என்ற வரிக்கு மேலே 'படுத்த நிலையில்' என்று இரண்டு சொல் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் எடுத்த ஒவ்வொரு இடுப்புப் படத்தின் உறையிலும், படுத்தா நின்றா என்பதை எழுதிவிட்டுத்தான் கொடுப்பேன். யாரும் எழுதச் சொல்லவில்லை.

அவர்கள் கிளம்பும் நேரத்தில் பேச்சியம்மாள் திரும்பி வந்தாள். நிற்க வைத்து எடுத்த படங்களில் ஒன்றைக் கேட்டாள். சாருக்கு மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும், இங்கே இருக்கட்டும் என்றேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள தந்துருவேன்" என்றாள். "அந்தப் படத்த ஏழு வீட்ல கொண்டு போய்க் காட்டியிருக்கேன். அவளுக்கு ஒண்ணுமில்ல, பாருங்கன்னு. இதயும் அங்கனயெல்லாம் காட்டணும்."

கொடுத்தேன். சொன்னபடி வியாழக்கிழமையே மகன் கையில் திருப்பி அனுப்பினாள். அவன் உறையை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு பை மங்குஸ்தானையும் வைத்துவிட்டு, தலை நிமிராமல் போனான்.

மதுரைக்கு அனுப்ப வேண்டியிருக்கவில்லை. ஆறு வாரத்துப் படத்தில் அந்தப் படி பாதியாகக் குறைந்திருந்தது. நான்காவது மாதம் செல்வி வாக்கர் இல்லாமல், பிள்ளையைப் பேச்சியம்மாளிடம் விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து தனியாக நடந்து வந்தாள். சாரல் காலத்தில் மட்டும் வலி இருக்கிறது என்றாள். அது இருக்கும் என்று சார் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று அப்போதுதான் கேட்டேன்.

"அப்பா வந்தாக. சாப்பிட்டுட்டுப் போனாக. வேற பேச்சு ஒண்ணும் இல்ல."

"உங்க அத்தை ஏழு வீட்லயும் காட்டினாங்களா?"

"ஒரு வீடு விடல. என்னையும் ஆட்டோல கூட்டிட்டுப் போய் வாசல்ல உக்கார வச்சிட்டு, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, இங்கன பாருங்க, இங்கன பாருங்கன்னு காட்டினாக." சிரிப்பை அடக்கிக்கொண்டு செல்வி சொன்னாள். "தலகீழாப் பிடிச்சிருந்தாக மேடம். நான் ஒண்ணும் சொல்லல."